மேகலாவின் கையைப் பார்க்காமல் விற்ற வாட்ச்

நம் கடைகளில் பெண்களுக்கென்று தனியாக ஒரு டிராயர் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் முதல் நாளே அதைக் காட்டியிருப்பார்கள். சின்ன டயல், மெல்லிய செயின், ஓரத்தில் கல் பதித்த வேலைப்பாடு. பெண்ணுக்கு வாட்ச் வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் கை தானாக அந்த டிராயருக்குப் போகும். புதுச்சேரியில் ஒரே கடையில் முப்பத்தோரு வருஷம் நானும் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

விலை கூடிய மெக்கானிக்கல் வாட்ச் ஒன்றை ஒரு பெண்ணுக்கு எப்படித் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். மில்லிமீட்டர் கணக்கு, எத்தனை மணி நேரம் ஓடும், எவ்வளவு தண்ணீர் தாங்கும், இதெல்லாம் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் புத்தகத்தில் இருக்கிறது. நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த ஒரு காரியம். இருபது வருஷம் ஆகிவிட்டது. என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சுனாமி வந்து ஒரு மாதம் கழிந்திருந்த சமயம். ஒரு நாள் காலையில் இளங்கோ என்று ஒருவர் கடைக்கு வந்தார். சொந்த ஊர் திண்டிவனம். சிங்கப்பூர் துறைமுகத்தில் எஞ்சினியர். நிச்சயதார்த்தத்துக்காகப் பத்து நாள் லீவில் வந்திருந்தார்.

"சார், எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற பொண்ணுக்கு ஒரு நல்ல மெக்கானிக்கல் வாட்ச் வேணும். பேட்டரி போட்டது வேணாம்" என்றார்.

ஏன் மெக்கானிக்கல் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். பெண் பார்க்கப் போன அன்று இவர் கட்டியிருந்த ஆட்டோமேட்டிக் வாட்ச்சை அந்தப் பெண் கழற்றித் தரச் சொல்லி வாங்கிப் பார்த்தாளாம். பின்பக்கம் கண்ணாடி போட்ட வாட்ச். உள்ளே சக்கரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, "பேட்டரி இல்லாம இது எப்படிங்க ஓடுது?" என்று கேட்டாளாம்.

"என் மூஞ்சியைவிட வாட்ச்சைத்தான் சார் ரொம்ப நேரம் பார்த்தாங்க" என்று சொல்லிச் சிரித்தார். "பேரு மேகலா. மரக்காணத்துல அவங்கப்பா உப்பளம் குத்தகைக்கு எடுத்துச் செய்றாரு. அப்பாவுக்கு முட்டிவலி. அதனால பாதி வேலை இவங்கதான் பார்க்கிறாங்க. சுனாமித் தண்ணி பூந்து வரப்பெல்லாம் உடைஞ்சு, பாத்தி முழுக்கச் சேறு. ஆளுங்களோட சேர்ந்து இவங்களும் மண்வெட்டி பிடிச்சுக்கிட்டிருக்காங்க. அந்த இடத்துக்குத் தாங்குற மாதிரி ஒண்ணு குடுங்க."

ஒரு வாடிக்கையாளர் இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். கேட்டு முடித்ததும் அந்த டிராயரை இழுத்தேன்.

காரணம் இருந்தது. சுவிஸ் கம்பெனி ஒன்றின் தங்க வாட்ச் பதினோரு மாதமாக எங்கள் ஷோகேஸில் கிடந்தது. கையால் சாவி கொடுக்கும் வாட்ச். டயல் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது. செயினும் தங்கம். பங்குனியில் கம்பெனி ஆள் வந்து பார்ப்பார். அதற்குள் அது விற்காவிட்டால் புது மாடல் எதுவும் எங்களுக்குத் தர மாட்டார்கள். அன்று காலையில்தான் முதலாளி, "அண்ணே, இதை மட்டும் எப்படியாவது தள்ளி விட்டுடுங்க" என்று சொல்லியிருந்தார்.

அதை எடுத்து வெல்வெட் துணிமேல் வைத்தேன். இளங்கோ தயங்கினார்.

"தண்ணி பட்டா தாங்குமா சார்?"

"விசேஷத்துக்குக் கட்டுற வாட்ச் சார் இது. இதைக் கட்டிக்கிட்டு உப்பளத்துக்கா போவாங்க?" என்றேன்.

அவர் உப்பளத்துக்குத்தான் கேட்டார். நான் அந்தப் பேச்சை அப்படியே கல்யாண வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். பேச்சைத் திருப்புவது நம் தொழிலில் ஒரு திறமை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடையில் ரிப்பேர் மேசையில் ஒரு அம்மா இருந்தார். குயிலாப்பாளையத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆரோவில்லில் சின்னச் சின்னக் கருவிகள் செய்யும் பட்டறையில் வேலை பழகி, அங்கிருந்து எங்களிடம் வந்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த நல்ல விஷயங்களில் பாதி அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு இளங்கோவிடம் கேட்டார்.

"சார், அவங்க கை அளவு தெரியுமா?"

"தெரியலைங்களே."

"அவங்க போடுற வளையல் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அது போதும்."

நான் குறுக்கே விழுந்தேன். வளையல் வாங்கப் போனவர் திரும்பி வராமல் போனால்? "அதெல்லாம் வேணாம் சார். நிச்சயத்தன்னைக்கு நானே நேர்ல வந்து செயினைச் சரி பண்ணிக் கட்டி விடறேன். பொண்ணுங்க கை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். நான் பார்க்காத கையா?"

அந்த அம்மா மறுபடி லென்ஸை மாட்டிக்கொண்டார். வாட்ச் விற்றுப் போனது. முதலாளி எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

நிச்சயதார்த்தம் மரக்காணத்தில் பெண் வீட்டு வாசலில், பந்தல் போட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கோட்டக்குப்பம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் குப்பங்களில் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள். மரக்காணம் நெருங்கும்போது, வழக்கமாக வெள்ளை வெளேரென்று தெரியும் பாத்திகள் கறுத்துக் கிடந்தன. அங்கங்கே ஆட்கள் குனிந்து சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளில் ஒன்றுக்குத்தான் வாட்ச் கொண்டுபோகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பையில் செயின் கண்ணி கழற்றும் சின்ன டூல் வைத்திருந்தேன். செயினைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று மட்டும்தான் நினைத்தேன். நீட்ட வேண்டியிருந்தால் அதற்குக் கண்ணி கிடையாது.

தட்டு மாற்றி, மோதிரம் போட்டு முடித்ததும் வாட்ச் பெட்டி வந்தது. இளங்கோவின் அத்தை, அவருடைய அப்பாவுக்கு மூத்தவர், அந்த வீட்டில் எதற்கும் முன்னால் நிற்பவர், பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார். "சுவிஸ்ல செஞ்சது. தங்கம்" என்று சொல்லிவிட்டு மேகலாவின் கையைக் கேட்டார்.

மேகலா உயரமான பெண். கறுப்பு. நேராகப் பார்ப்பாள். வலது கையை நீட்டினாள். "வாட்ச்சை இடது கையிலதான்மா கட்டணும்" என்று அத்தை மற்ற கையை இழுத்து வைத்துக் கட்டினார்.

கொக்கி எட்டவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அத்தை இழுத்துப் பார்த்தார். சதை நெரிந்து சிவந்தது.

"ஏம்பா வாட்ச் கடைக்காரரே, வந்து பாருங்க."

போனேன். அப்போதுதான் முதல் தடவையாக அந்தக் கையைப் பார்த்தேன். எலும்பு அகலமான மணிக்கட்டு. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து காய்ந்த இடங்கள். விரல் இடுக்குகளில் உப்பு அரித்த வெடிப்பு. மருதாணி அந்த வெடிப்புகளில் மட்டும் கறுப்பாக இறங்கியிருந்தது. நானும் இழுத்துப் பார்த்தேன். அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

பந்தலில் ஐம்பது அறுபது பேர். எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். பின்னால் யாரோ, "என்னாச்சு, என்னாச்சு?" என்கிறார்கள். சற்றுத் தள்ளி இளங்கோ பெரியவர்கள் நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறார். "தப்பு என்னோடதும்மா, அளவு கேட்காம கொண்டுவந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் முடிந்து போயிருக்கும். ஒரு வாரத்தில் வேறு கொண்டுவருகிறேன் என்றால் யாரும் என்னை அடிக்கப் போவதில்லை. ஆனால் முதலாளி முகம் கண்முன் வந்தது. வாயிலிருந்து இப்படி வந்தது:

"வாட்ச் கரெக்ட் சைஸ்தாம்மா. லேடீஸ் சைஸ். பொண்ணோட கைதான் கொஞ்சம் பெருசு."

யாரோ சிரித்தார்கள். அத்தையும் சிரித்துக்கொண்டே, "மண்வெட்டி பிடிச்ச கை இல்ல? பின்ன எப்படி இருக்கும்!" என்றார். அவர் நிலைமையைச் சமாளிக்கத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும், "ஆம்பளக் கை" என்றது. அதற்குப் பெரிய சிரிப்பு.

மேகலா கையை உருவிக்கொண்டு புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். அவள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் முட்டியைத் தடவிக்கொண்டு கீழே பார்த்தார். அதற்குப் பிறகு எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் அவள் கை தாம்பாளத்துக்கு அடியில் இருந்தது.

நான் அங்கேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் கடையில் ரிப்பேர் மேசை அம்மா கேட்டார். "செயின் சரியா இருந்துதா சார்?"

"ரெண்டு கண்ணி சேர்க்கணும். ஆர்டர் போட்டுக்கலாம்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்வாங்க? சந்தோஷம்தான்."

ஒன்பதாம் நாள் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. இளங்கோ. குரல் சரியில்லை. நிச்சயம் முடிந்த பிறகு அத்தை மேகலாவின் அம்மாவிடம், "கல்யாணம் வரைக்கும் பொண்ணை உப்பளத்துக்கு அனுப்பாதீங்க, கை கொஞ்சம் பொண்ணு கையா ஆகட்டும்" என்று சொல்லியிருக்கிறார். மேகலா அப்பாவிடம் கொடுத்து வாட்ச்சைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "உங்க வீட்டுக்கு வேற கை இருக்கிற பொண்ணாப் பாருங்க" என்று போனில் சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் இவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

"சார், நான் அன்னிக்குத் தள்ளி நின்னுக்கிட்டிருந்தேன். சரியா காதுல விழல. கை பெருசுன்னு முதல்ல சொன்னது எங்க அத்தையா, நீங்களா?"

நேரான கேள்வி. நேராகப் பதில் சொல்ல இரண்டாவது சந்தர்ப்பம்.

"நான் இல்ல சார். நான் வாட்ச் சைஸைப் பத்தித்தான் சொன்னேன். மத்தபடி பேசினது உங்க வீட்டுப் பெரியவங்க" என்றேன்.

"நினைச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில். ரிப்பேர் மேசை அதற்கு இரண்டடி தள்ளி. அந்த அம்மா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். அன்று பந்தலில் என்ன நடந்தது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருடைய ஊர்க்காரப் பெண் ஒருத்தி அங்கே விருந்துக்குப் போயிருந்தாள். தெரிந்துகொண்டும், மறுநாள் கேட்ட அந்த இரண்டு கேள்விக்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்திருக்கிறார்.

"சார், அந்த அத்தை உங்களுக்கு என்ன பண்ணாங்க?" என்றார்.

நான் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினேன்.

"நாளைக்கு நான் லீவு சொல்லிட்டேன். மரக்காணம் போறேன். அந்தப் பொண்ணு கையை அளந்துட்டு வர்றேன். நீங்க வர்றீங்களா இல்லியான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

போனேன். தைரியம் வந்து போகவில்லை. போகாவிட்டால் மறுநாள் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் போனேன். முதலாளியிடம் சொல்லி மூன்று வாட்ச் எடுத்துக்கொண்டோம். மூன்றும் நான் ஆண்கள் ஷோகேஸில் வைத்திருந்தவை. அவர்தான் பொறுக்கினார். முதலாளி, "ஏண்ணே, அளவு கேட்காமயா குடுத்தீங்க?" என்றதோடு சரி. அந்தத் தங்க வாட்ச்சைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் சம்மதித்துவிட்டார். நான் எந்தக் கோபத்துக்குப் பயந்து ஒரு பெண்ணை அறுபது பேர் முன்னால் அப்படிச் சொன்னேனோ, அந்தக் கோபம் அவ்வளவுதான் இருந்தது.

உப்பளத்தில் பாதிப் பாத்திகளில் சேறு வாரி முடித்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று காலால் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேகலா புடவைமேல் ஆண்கள் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, வரப்பில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ரிப்பேர் மேசை அம்மா முன்னால் போனார்.

"நான் வாட்ச் ரிப்பேர் பண்றவம்மா. உங்க கையை அளக்க வந்தேன். எதுவும் வாங்கச் சொல்லி வரல."

"பொம்பளையா வாட்ச் ரிப்பேர் பண்றீங்க?"

"பதிமூணு வருஷமா."

மேகலா குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவி, சட்டையில் துடைத்து, நீட்டினாள். டேப் வைத்து அளந்தார். பதினேழரை சென்டிமீட்டர்.

"நாங்க குடுத்த செயின் பதினஞ்சு. இந்தாங்க, என் கையைப் பாருங்க." தன் மணிக்கட்டில் டேப்பைச் சுற்றிக் காட்டினார். "பதினாறரை. எனக்கே பத்தாது. அது யார் கைக்கும் ஒழுங்கா வராத செயினும்மா. அதான் பதினோரு மாசம் எங்க கடையில கெடந்துது."

பதிமூன்று வருஷமாக அந்தக் கைக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்தவன் நான். அந்த மணிக்கட்டையும் நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் கேட்ட கேள்விகளைக் கேட்டு நின்றேன். எந்தக் கையால எழுதுவீங்க? இடது. அப்போ வலது கையிலதான் கட்டணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மணி பார்ப்பீங்க? மோட்டாருக்குக் கரண்ட் வர்ற நேரம், பாத்திக்குத் தண்ணி விடுற நேரம், லாரி வர்ற நேரம் என்று மேகலா வரிசையாகச் சொன்னாள். கை எப்பவும் உப்புத் தண்ணியில இருக்குமா? இருக்கும். அப்போ தோல் வார் வேணாம், அழுகிடும். ஸ்டீல் செயின். மணி திருப்புற கீ, முறுக்கி மூடுறதா இருக்கணும். வாரத்துக்கு ஒருநாள் நல்ல தண்ணியில கழுவினா போதும்.

மூன்றில் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் கண்ணாடி. மேகலா அதைக் கையில் வாங்கி மெதுவாக ஆட்டிப் பார்த்தாள். உள்ளே அரைவட்டத் தகடு சுழன்றது.

"இதுதான் சாவி குடுக்குதா?"

"ஆமா. நீங்க வேலை செய்யச் செய்ய அதுவா ஏறிக்கும்."

"இதை ஆம்பள வாட்ச்னு சொல்வாங்களே?"

"அட்டையில அப்படிப் போட்டிருக்கான். நீங்க பார்க்க வேண்டியது ரெண்டுதான். டயல் மணிக்கட்டுக்கு வெளிய நீட்டக் கூடாது. கையை மடக்கும்போது கீ குத்தக் கூடாது. கட்டிப் பாருங்க."

கட்டினாள். பொருந்தியது. அவள் முகத்தில் சந்தோஷம் ஒரு கணம் வந்தது. உடனே கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

"வாட்ச் நல்லாருக்குது. ஆனா பிரச்சனை வாட்ச் இல்லைங்க. அன்னிக்கு அத்தனை பேர் சிரிக்கும்போது அவர் ஒரு வார்த்தை சொல்லல. இப்ப என்னடான்னா, எல்லாம் அத்தைதான்னு அவங்ககிட்ட போன்ல சண்டை போட்டிருக்காராம். அந்தம்மா கல்யாணத்துக்கே வரமாட்டேன்னு அழுவுறாங்களாம். முதல்ல சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவருதானே சொன்னாரு."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களை எனக்குத் தெரியாது சார். நான் உங்களை ஒண்ணும் செய்யல. எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"பயந்துட்டேம்மா" என்றேன். "அளவு கேட்காம கொண்டுவந்தது என் தப்பு. அதை மறைக்கச் சொல்லிட்டேன். மன்னிச்சுடும்மா."

மிதித்துக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. கல்யாணம் நடந்தா, அங்கயும் எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து இதைச் சொல்வீங்களா?"

"சொல்றேம்மா."

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து இளங்கோவுக்குப் போன் போட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். "சார், உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். முதல்ல சொன்னது நான்தான். உங்க அத்தை இல்ல." "சரி சார்" என்று மட்டும் சொல்லி வைத்தார். அவர் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டதும், இரண்டு நாள் லீவு போட்டு நேராக மரக்காணம் வந்ததும் பிறகு தெரிந்தது. உப்பளத்தில் அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் போகும்போது கடைக்கு வந்து அந்த ஸ்டீல் வாட்ச்சை வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் பேசவில்லை.

வைகாசியில் திண்டிவனத்தில் கல்யாணம். முதலாளிக்கும் எனக்கும் பத்திரிகை வந்தது. எனக்கு வந்த கவரில் மேகலாவின் கையெழுத்து. எதற்கு அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வரவேற்பில் மேடைக்கு வரிசை. எனக்கு முன்னால் முதலாளி. மேடையோரம் அத்தை நின்று எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்பா, நீதானே? அன்னிக்கு நீ சொன்ன சொல்லுக்கு நான்ல பேச்சு வாங்குனேன்!" என்றார். சத்தமாக. ஆனால் சண்டைக்கு இல்லை, சிரித்த முகத்தோடுதான். நான் சொல்ல வேண்டியதற்கு அவரே வழி திறந்து விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மேடையில் மேகலாவும் திரும்பினாள். பட்டுப்புடவை, வலது கையில் அந்த வாட்ச்.

"ஆமாம்மா, தப்பு என்னோடதுதான்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பெரிய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நான் சிரித்தேன்.

"பழசெல்லாம் எதுக்கும்மா இப்ப? நல்ல நாள்" என்றேன். "பாருங்க, பெரிய டயல் எவ்ளோ எடுப்பா இருக்குது. இப்ப இதுதான் பேஷன்."

அத்தை ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு அடுத்தவரை வரவேற்கத் திரும்பினார். மேடையில் பரிசை நீட்டினேன். மேகலா வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் சார்" என்றாள். கண்ணைப் பார்க்கவில்லை. அன்று நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். வாட்ச் தெரியாமல் போனால் கற்றுக்கொள்ளலாம். டிராயரை மூடிவிட்டு முதலில் கையைப் பாருங்கள், அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள், மீதி தானாக வரும். ஆனால் தப்பு நடந்து எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது முதலில் வாயில் வரும் வாக்கியத்தைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் உங்களைக் காப்பாற்ற வரும் வாக்கியம். அதை விழுங்கிவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். நான் மூன்று தடவை அந்த முதல் வாக்கியத்தைச் சொன்னேன். பந்தலில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை. மூன்றாம் தடவை, என்ன செய்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தே சொன்னேன். பூத்துக்குள் நின்று ஒருவரிடம் சொன்ன உண்மையை வைத்துக்கொண்டு மனதைத் தேற்றிக்கொள்ளப் பலமுறை பார்த்தேன். பந்தலில் அவமானப்பட்டவளுக்கு அது போதாது.

அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஆறில், ஐப்பசி மழை தொடங்கி உப்பளத்தில் வேலை நின்றிருந்த சமயம். ஒரு மத்தியானம் மேகலா தனியாகக் கடைக்கு வந்தாள். குடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கடையில் நான் மட்டும்தான். எழுந்து நின்றேன்.

"வாங்கம்மா. நல்லாருக்கீங்களா? வாட்ச்ல ஏதாவது பிரச்சனையா?"

"கீ கொஞ்சம் இறுக்கமா இருக்குது. உப்பு ஏறியிருக்கும்னு நினைக்கிறேன்."

"குடுங்க, பார்க்கலாம்" என்று கையை நீட்டினேன்.

அவள் கொக்கிமேல் விரலை வைத்தவள் அப்படியே நின்றாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இல்ல சார். அந்த அக்கா இருக்காங்களா? அவங்ககிட்டயே குடுக்கறேன்."

"சாப்பிடப் போயிருக்காங்கம்மா. அரை மணி ஆகும்."

"பரவால்ல. உட்கார்றேன்."

நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்சைக் கழற்றவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். வெளியே மழை. வேறு யாரும் வரவில்லை. இப்போதாவது சொல்லலாமா என்று பலமுறை வாயைத் திறந்தேன். ஆனால் அவள் கேட்டது எல்லோர் முன்னாலும். ஆளில்லாத கடையில் சொல்வதும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஆகும். ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

ரிப்பேர் மேசை அம்மா நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தார். மேகலா எழுந்து போய், அவர் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினாள்.